மாறிய உடலின் கதைகள்: காங்கேசன்துறையில் மாயப்புனைவுச் சுவையின் வரலாறு

ஓர் ஊரின் இலக்கியச் சுவையை ஆராய்வோர் பெரும்பாலும் அவ்வூரில் எழுதப்பட்ட நூல்களையே எடுத்துக்கொள்கின்றனர். அவ்வூர் மக்கள் எவற்றைக் கேட்டும் பார்த்தும் வாசித்தும் மகிழ்ந்தனர் என்ற கேள்வியோ அதைவிட அகலமானது, விடை காண்பதற்கும் கடினமானது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரைத் துறைமுகமான காங்கேசன்துறையைப் பொறுத்தவரை, மாயப்புனைவு எனப்படும், இயற்கை விதிகளைக் கடந்த ஆற்றல்களை மெய்போலக் கொண்டு நடக்கும் கதைகளிலும், விஞ்ஞானப் புனைகதை எனப்படும், நடவாத ஒன்றை ஆய்வுகூடம், இயந்திரம், விண்வெளிப் பயணம் முதலிய காரணங்களால் நம்பவைக்கும் கதைகளிலும் இருந்துவந்த ஈடுபாடு, அச்சுப் புத்தகமும் திரைப்படமும் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே வேர்விட்டிருந்தது. அந்த ஈடுபாட்டின் மையத்தில் மாறிய உடல் என்ற ஒரே பொருள் காலந்தோறும் வெவ்வேறு வடிவில் மீண்டும் மீண்டும் வந்து நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

காங்கேசன்துறைக்கு அருகேயுள்ள கீரிமலையில், கடலோரமாகவே அமைந்த கேணியில் நன்னீர் ஊறுகிறது. குடாநாட்டின் அடியிலுள்ள சுண்ணக்கல் மழைநீரை உறிஞ்சி, தன்னுள் இருக்கும் வெடிப்புகளின் வழியே கடல்நோக்கிக் கொண்டுசெல்வதால் உப்புக்கரையில் நன்னீர் கிடைப்பதை இன்று நிலவியல் விளக்கிவிடும். எனினும் விளக்கம் கிடைப்பதற்கு முன்பே அவ்வூற்றைச் சுற்றி இரண்டு கதைகள் வளர்ந்திருந்தன. கீரியின் முகம் வாய்க்கப்பெற்ற நகுல முனிவர் அந்நீரில் நீராடித் தம் முகம் மாறப்பெற்றார் என்பது ஒன்று. இதனையொட்டியே அங்குள்ள சிவாலயம் நகுலேஸ்வரம் எனப்படுகிறது. குதிரை முகத்தோடும் குன்மநோயோடும் வருந்திய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி அதே நீரில் நீராடி மனித முகம் பெற்று, நன்றிக்கடனாக முருகனுக்கு ஆலயம் எடுப்பித்தாள் என்பது மற்றையது. அவ்வாலயமே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். அதற்குரிய காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் கடல்வழியே வந்து இறங்கிய இடம் என்பதால் துறைக்கும் இப்பெயர் வந்தது என மரபு கூறும்.

இக்கதை வாய்மொழியோடு நின்றுவிடவில்லை. மாதகல் மயில்வாகனப் புலவர் 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில், உரைநடையில் எழுதிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’ இளவரசியின் வரலாற்றையும் அவளைக் கவர்ந்துசென்று மணந்த உக்கிரசிங்கன் என்ற அரசனின் வரலாற்றையும் யாழ்ப்பாண அரசின் தொடக்கக் காலத்தோடு இணைத்துச் சொல்கிறது. அரச வரலாறு சொல்லவந்த நூல் ஒன்று குதிரை முகத்தையும் முகமாற்றத்தையும் எவ்விதத் தயக்கமுமின்றி ஏற்றுக்கொண்டதை ஆராய்ச்சியாளர்கள் சிலர் அந்நூலின் குறையாகக் கண்டனர். சுவையின் வரலாற்றைத் தேடுவோருக்கோ அதுவே அந்நூலின் பெறுமதி. மாயமும் வரலாறும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதை விரும்பிய வாசகர்களும் கேட்போரும் அன்று இருந்தனர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஊற்றைச் சூழ்ந்த இக்கதைகளுக்கு மேலாக ஆண்டுதோறும் அச்சுவையைப் புதுப்பித்தது புராணபடனம் ஆகும். கோயில் மண்டபத்தில் ஒருவர் புராணச் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் அதற்குப் பயன்சொல்லும், அதாவது பொருள் விரித்துரைக்கும் வழக்கமே புராணபடனம் எனப்பட்டது. யாழ்ப்பாணத்தில் இவ்வாறு அதிகமாகப் படிக்கப்பட்டது கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம், பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பண்பாட்டையே கந்தபுராண கலாசாரம் என்று குறிப்பிடும் அளவுக்கு அது ஆழப் பதிந்திருந்தது. அந்நூலின் பக்திப் பொருளை ஒருபுறம் வைத்து அதன் கற்பனைப் பரப்பை மட்டும் நோக்கினால் வியப்பு மிகும். சூரபன்மன் 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் வரம் பெறுகிறான்; அண்டங்களின் அமைப்பை விவரிப்பதற்கென்றே அண்டகோசப் படலம் என ஒரு படலம் இருக்கிறது; நினைத்த இடத்துக்குப் பறந்து செல்லும் இந்திரஞாலத்தேர் போர்க்களத்தில் வருகிறது; சூரனின் தம்பியர் யானை முகத்தோடும் சிங்க முகத்தோடும் வருகின்றனர்; சூரனோ மாமரமாகி, பிளவுண்டு, மயிலும் சேவலுமாகிறான். பல உலகங்கள், அவற்றிடையே செல்லும் ஊர்தி, உருமாறும் உடல் என விண்வெளிக் கதை வாசகர் பிற்காலத்தில் எதிர்பார்க்கப்போகும் பொருள்கள் யாவும் எழுத்தறியாதவரின் செவிக்கும் ஏற்கெனவே எட்டியிருந்தன.

கேட்ட கதை கண்ணுக்கும் விருந்தானது கந்தசஷ்டி நாளில் நடக்கும் சூரன்போரில். மரத்தாற் செய்த சூரனின் பேருருவைத் தோளில் தாங்கி வீதியில் ஆட்டிவர, ஒவ்வொரு கட்டத்திலும் தலை கழற்றப்பட்டு வேறொரு தலை பொருத்தப்படும். யானைத் தலை போய்ச் சிங்கத் தலை வரும் அந்தக் கணத்துக்காகச் சிறுவர் கூட்டம் காத்திருக்கும். திரைப்படத்தில் தந்திரக் காட்சி எனப்பட்டதன் முன்வடிவம் இது என்று கொள்வதில் தவறில்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பிறப்பால் வந்த முகத்தின் இழிவு நீங்கப்பெற்ற ஒருத்தியின் நன்றியால் எழுந்தது என்று சொல்லப்படும் மாவிட்டபுரம் கோயிலின் உள்ளே, பிறப்பைக் காரணம் காட்டி ஒரு பகுதி மக்கள் நீண்டகாலம் அனுமதிக்கப்படவில்லை. 1968இல் அங்கு நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் இலங்கையின் சாதி எதிர்ப்பு வரலாற்றில் முக்கியமான நிகழ்வாகும். கதை அனைவருக்கும் உரியதாக இருந்தபோதும் கதை பிறந்த இடம் அவ்வாறு இருக்கவில்லை.

1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை கொழும்பையும் காங்கேசன்துறையையும் முழுமையாக இணைத்தபோது, துறைமுகத்தையும் கோயில்களையும் கொண்ட ஊர் பாதையின் முடிவிடமாகவும் ஆனது. அச்சுப் பண்பாடும் அக்காலத்தில் பரவிக்கொண்டிருந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல்கள் என எண்ணப்படுவனவற்றுள் ஒன்றான ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் திருகோணமலையைச் சேர்ந்த இன்னாசித்தம்பியால் எழுதப்பட்டது. கரடியால் வளர்க்கப்பட்ட ஒருவனையும் அவனது இரட்டைச் சகோதரனையும் பற்றிய ஐரோப்பிய இடைக்கால வீரகதை ஒன்றின் தழுவல் அது. ஈழத்துப் புனைகதை யதார்த்தத்தில் தொடங்கியது என்ற பொதுவான எண்ணத்தை இந்நூல் மறுக்கிறது என்பதற்காகவேனும் அதனை நினைவுகொள்ள வேண்டும்.

ஆயினும் காங்கேசன்துறையின் மாயச்சுவைக்கு முழு உருக் கொடுத்தது புத்தகமன்று, நாடகக் கொட்டகையே. பம்பாயின் பார்சி நாடகக் கம்பனிகள் 19ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த வண்ணத் திரைகளும் இயந்திர உத்திகளும் தமிழகத்து நாடகக் குழுக்களால் உள்வாங்கப்பட்டு, அக்குழுக்களின் வருகையோடு யாழ்ப்பாணத்துக்கும் வந்தன. வட்டக் களரியில் ஆடப்பட்டுவந்த கூத்துக்கு மாறாக, மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த கொட்டகையில், ஆர்மோனியமும் மிருதங்கமும் இசைக்க, பாடல்களாலேயே கதையை நடத்திச்செல்லும் இந்நாடகம் இசைநாடகம் எனவும் கொட்டகைக்கூத்து எனவும் அழைக்கப்பட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலியோரின் பனுவல்களே இதற்கு அடிப்படை. சத்தியவான் சாவித்திரியில் யமன் நேரில் வந்து பேசுகிறான்; பவளக்கொடியில் கடல் நடுவே பவளத்தைத் தேடி அருச்சுனன் செல்கிறான்; வள்ளி திருமணத்தில் முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் உருமாறுகிறான். கந்தபுராணம் கேட்டு வளர்ந்த செவிகளுக்கு இவை அந்நியமாக இருந்திருக்க முடியாது.

இக்கலையை அதன் உச்சத்துக்குக் கொண்டுசென்ற நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) காங்கேசன்துறையைச் சேர்ந்தவர். அவர் அமைத்த வசந்தகான சபா ஈழத்தின் பல பகுதிகளிலும் ஆயிரக்கணக்கான மேடைகளைக் கண்டது. அரிச்சந்திரனின் மயானகாண்டம் அவரது பெயரோடு பிரிக்கமுடியாதவாறு இணைந்துவிட்டது. நாட்டையும் மனைவியையும் மகனையும் இழந்து சுடலை காக்கும் வெட்டியானாக நிற்கும் அரசன், பாம்பு தீண்டி இறந்த பிள்ளையைச் சுமந்து வரும் பெண் தன் மனைவி சந்திரமதி என அறிகிறான். பின்னர் அவளையே வெட்டும்படி ஏவப்பட்டு வாளை ஓங்க, வாள் மாலையாகிறது, பிள்ளை உயிர்த்தெழுகிறான். இக்கதையின் முடிவிலுள்ள அற்புதம் கண்ணிமைக்கும் நேரமே நிகழ்வது. அதற்கு முந்திய நீண்ட பகுதி முழுவதும் ஒரு மனிதனின் தாழ்வும் துயரும் உறுதியும்தான். அந்தப் பகுதியை வைரமுத்துவின் குரல் தாங்கிநின்றதால்தான் இறுதி அற்புதத்தை அவையோர் ஏற்றனர். மாயம் நிகழ்வதற்குமுன் அதற்குரிய விலையைப் பாத்திரம் கொடுத்தாக வேண்டும் என்பது இந்நாடகம் தன் அவையோருக்குள் ஊன்றிய விதி. மாயப்புனைவின் தரத்தை அளக்க இதனினும் சிறந்த அளவுகோலை உலகத் திறனாய்வு இன்னும் தந்துவிடவில்லை.

நாடகம் செழித்திருந்த அதே ஆண்டுகளில் ஊரின் தோற்றத்தையே மாற்றிய ஒரு நிறுவனம் அங்கு எழுந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950இல், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. கீரிமலை ஊற்றுக்கு வழிவிட்ட அதே சுண்ணக்கல் இப்போது அகழப்பட்டு, அரைக்கப்பட்டு, சுழலும் உலைகளில் சுடப்பட்டுச் சீமெந்தாகியது. பொறியியலாளரும் இரசாயனவியலாளரும் தொழிலாளரும் குடும்பங்களோடு வந்து குடியேறினர். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவிப் புகையிரதம் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்குமான பயணத்தை ஒரு பகற்பொழுதுக்குள் சுருக்கியது. இயந்திரம் என்பது தொலைநாட்டுச் செய்தி என்ற நிலை நீங்கி, அன்றாட வாழ்வின் ஓசையாகவும் புகையாகவும் ஆனது. விஞ்ஞானப் புனைகதையை விரும்புவதற்கு விஞ்ஞானம் கற்றிருக்கவேண்டும் என்பதில்லை; ஆனால் இயந்திரத்தின் அருகே வாழ்ந்தவர் இயந்திரக் கதையை வேறுவிதமாகக் கேட்பார் என்று கருத இடமுண்டு.

திரைப்படத்தின் வரவு நாடகச் சுவையை அழித்துவிடவில்லை, அதன்மீதே அது குடியேறியது. 1951இல் வெளியான ‘பாதாள பைரவி’யும் 1957இல் வெளியான ‘மாயா பஜா’ரும் தெலுங்கிலும் தமிழிலும் தயாரிக்கப்பட்டவை; பின்னதில் கடோத்கசன் உருமாறுவதும் பொருள்களை வரவழைப்பதும் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியின் தந்திரங்களால் நிகழ்ந்தன. அமெரிக்கரோடு இணைந்து சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952இல் தயாரித்த ‘காடு’ அழிந்துபோன மாமத யானைகளை இந்தியக் காட்டில் உயிரோடு உலவவிட்டது. 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம். ஜி. ஆரும் பானுமதியும் நடித்து வெளியான ‘கலை அரசி’ இன்னும் ஒரு படி மேலே சென்றது. அப்படத்தில் வேற்றுக் கோளினர் பூமிக்கு வந்து ஒரு பாடகியைக் கவர்ந்துசெல்கின்றனர். அவர்கள் தேடி வந்தது தம் உலகில் இல்லாத இசை. இளவரசியைக் கவர்ந்துசென்ற உக்கிரசிங்கனையும் இசையாலேயே கதை நடத்திய கொட்டகையையும் அறிந்த ஓர் ஊருக்கு, பறக்கும் தட்டு ஒன்றைத் தவிர அக்கதையில் புதியது எதுவுமில்லை. தமிழ்த் திரையின் தொடக்ககால விஞ்ஞானப் புனைவு இவ்வாறு இசைநாடகத்தின் வாரிசாகப் பிறந்ததை நம் திரைப்பட வரலாறுகள் போதிய அளவு கவனிக்கவில்லை. யாழ்ப்பாண நகரின் வின்சர், வெலிங்டன், மனோகரா, ராணி முதலிய அரங்குகள் தமிழ்ப் படங்களுக்கும், கோட்டைக்கு அருகே இருந்த றீகல் ஆங்கிலப் படங்களுக்கும் பேர்பெற்றிருந்தன.

வாசிப்பில் இதற்கு இணையான பணியைச் செய்தது 1947 முதல் சென்னையிலிருந்து வெளிவந்த ‘அம்புலிமாமா’. அதனை நடத்திய நாகி ரெட்டியும் சக்கரபாணியும்தாம் ‘பாதாள பைரவி’, ‘மாயா பஜார்’ இரண்டையும் தயாரித்தவர்கள் என்பது தற்செயலன்று; ஒரே கற்பனை உலகம் மாதந்தோறும் தாளிலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரையிலும் வந்துகொண்டிருந்தது. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்து நடக்கும் சங்கரின் ஓவியத்தை அறியாத தமிழ்ச் சிறுவர் அக்காலத்தில் அரியர். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் பரவலாக இருந்த வாசிகசாலைகள், அதாவது ஊரவர் கூடிப் பத்திரிகையும் சஞ்சிகையும் இலவசமாக வாசிப்பதற்கென நடத்திய சிறு நிலையங்கள், ஒரு பிரதியைப் பலரது உடைமையாக்கின.

1972இல் சிவகாசியிலிருந்து தொடங்கிய முத்து காமிக்ஸ் தன் முதல் இதழிலேயே ‘இரும்புக்கை மாயாவி’யை அறிமுகப்படுத்தியது. பிரித்தானியச் சித்திரக்கதை ஒன்றின் தமிழ் வடிவமான இதில், ஆய்வுகூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்தப்பட்ட ஒருவன், மின்சாரம் பாயும்போது உடல் முழுவதும் மறைந்து அந்தக் கைமட்டும் தெரியும் நிலையை அடைகிறான். குதிரை முகத்திலிருந்து இரும்புக்கை வரையான தொடர்ச்சி இவ்விடத்தில் துலக்கமாகிறது. நகுல முனிவருக்கும் இளவரசிக்கும் மாறிய உடல் ஒரு துன்பம், அதிலிருந்து மீள்வதே கதை. மாயாவிக்கோ மாறிய உடல் இழப்பும் ஆற்றலும் ஒருங்கே ஆவதால், அதிலிருந்து மீளாமல் அதனோடு வாழ்வதே கதை. ஊற்றுநீரின் இடத்தில் மின்சாரம் வந்தது. அருளின் இடத்தில் விபத்து வந்தது. மாயப்புனைவு விஞ்ஞானப் புனைவாக மாறும் புள்ளி இதுவே.

அதே பத்தாண்டில் இலங்கை அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. ஈழத்து எழுத்தாளருக்கு அது வாசகரைத் தேடித்தந்தது. வீரகேசரிப் பிரசுரங்கள் பெருகியதும் அக்காலத்திலேயே. ஆனால் அன்றைய ஈழத்துத் திறனாய்வில் ஆதிக்கம் செலுத்திய முற்போக்கு அணியினர் சமூக யதார்த்தத்தையே உயர்ந்த இலக்கியமாகக் கொண்டமையால், மாயமும் விண்வெளியும் சிறுவர் பொழுதுபோக்காகவே ஒதுக்கப்பட்டன. சாதியையும் வறுமையையும் எழுதவேண்டிய அவசரம் அவர்களுக்கு இருந்தது என்பது மெய். எனினும் மயானகாண்டத்தைக் கண்ணீரோடு பார்த்த மக்களின் சுவையிலிருந்து புதிய புனைவு ஒன்று எழக்கூடும் என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்கத் தவறியது இழப்பே.

இதில் வருந்தத்தக்க மற்றொன்று, உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானப் புனைகதையாசிரியர் ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையிலேயே வாழ்ந்தார் என்பதாகும். 1979இல் வெளியான அவரது ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ என்னும் நாவல், இலங்கையைச் சற்றே மாற்றித் தப்ரபேன் எனப் பெயரிட்டு, பூமியிலிருந்து விண்வெளிக்கு எழும் உயர்த்தி ஒன்றைக் கற்பனை செய்கிறது. சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் வேறு பெயர்களில் அதில் வருகின்றன. தீவின் தொன்மக் கதையையும் எதிர்காலப் பொறியியலையும் பிணைப்பது எவ்வாறு என்பதற்கு அது ஒரு பாடம். கீரிமலையையும் சீமெந்து உலையையும் அருகருகே கொண்ட ஊரில் பிறந்த ஒருவர் தமிழில் எழுதியிருக்கவேண்டிய கதை அது. தமிழில் விஞ்ஞானப் புனைவைப் பரவலாக்கியவர் தமிழகத்துச் சுஜாதாவே. 1980களில் ஆனந்த விகடனில் வந்த ‘என் இனிய இயந்திரா’வும் அதன் இயந்திர நாய் ஜீனோவும் கடல் கடந்தும் வாசகரைப் பெற்றன.

அதற்குள் காலம் கைமீறிவிட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது காங்கேசன்துறை மக்கள் உடுத்த உடையோடு வெளியேற, ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது; புகையிரதம் நின்றது, சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது, நகுலேஸ்வரம் குண்டுவீச்சுக்கு இலக்கானது. ஒரு வீட்டை விட்டுச் செல்பவர் காணி உறுதியையும் பிள்ளைகளின் சான்றிதழையும் எடுத்துச் செல்வார். அலமாரியிலிருந்த அம்புலிமாமாவையும் மாயாவியையும் எவரும் எடுத்துச் செல்வதில்லை. வைரமுத்து அதற்கு முந்திய ஆண்டிலேயே காலமாகியிருந்தார். சேர்த்து வாசித்த வாசிகசாலையும் சேர்ந்து பார்த்த கொட்டகையும் ஒரே நேரத்தில் மறைந்தபோது, ஊருக்குப் பொதுவாக இருந்த சுவை சிதறித் தனித்தனி மனிதரின் நினைவாகச் சுருங்கியது.

சிதறியவர்களிடையே அது முற்றாக அற்றுவிடவில்லை. கனடாவில் வாழும் ஈழத்து எழுத்தாளர் வ. ந. கிரிதரன் விஞ்ஞானச் சிறுகதைகளை எழுதியிருக்கிறார். தமிழகத்தில் ஜெயமோகனின் ‘விசும்பு’ தமிழ் மரபின் அறிவுத்துறைகளிலிருந்தே விஞ்ஞானக் கதைக்கான பொருளை எடுக்கமுடியும் எனக் காட்டியது. கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் ஆங்கில மாயப்புனைவு நாவல் 2024இல் நெபியுலா விருதைப் பெற்றமை, இத்தீவின் தொன்மங்களும் வன்முறையும் இவ்வகை எழுத்துக்கு எவ்வளவு வளமான நிலம் என்பதை உலகுக்கு அறிவித்தது. 2015 ஜனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது. நிலம் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட, மாவிட்டபுரத்திலும் கீரிமலையிலும் ஆடி அமாவாசைக் கூட்டம் பழையபடி கூடுகிறது.

செய்யவேண்டிய பணி ஒன்று எஞ்சியிருக்கிறது. அதற்குக் காலமும் அதிகம் இல்லை. கொட்டகையில் விடியவிடிய இருந்தவர்களும் வாசிகசாலை வாங்கிலில் மாயாவியைப் பங்கிட்டு வாசித்தவர்களும் இன்று முதுமையில் இருக்கின்றனர், பலர் வேறு நாடுகளில் இருக்கின்றனர். அவர்கள் எதைப் பார்த்தனர், எதை விரும்பினர், எந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கின்றனர் என்பதைக் குடும்பத்தவர் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். நாடக அறிவித்தல்கள், பாட்டுக் கொப்பிகள், கிழிந்த சித்திரக்கதைகள் எவையேனும் வீட்டில் எஞ்சியிருந்தால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேகரித்துவரும் நூலகம் நிறுவனத்திடம் அவற்றைக் கையளிக்க வேண்டும்.